ஒரு பொருளும் பல பெயர்களும்

நம் வீடுகளில் 'சோடா' என்னும் ஒரே சொல் நான்கு பொருள்களைக் குறித்து நிற்கிறது. கடைத்தெருவில் தாகத்திற்கு வாங்கிக் குடிப்பது சோடா. ஆப்ப மாவில் ஒரு சிட்டிகை இடுவதும் சோடா. அழுக்குத் துணியை வெள்ளாவி வைப்பதற்கு முன் தோய்ப்பது சலவைச் சோடா. சவர்க்காரம் காய்ச்சுவோர் கையாளும் காஸ்டிக் சோடாவும் சோடாவே. முதலாவது தாகத்தைத் தீர்க்கும். கடைசியாகச் சொன்னதோ தோலில் பட்டால் தோலை அரிக்கும். தொண்டைக்குள் போய்விட்டால் உணவுக்குழலைப் புண்ணாக்கி உயிருக்கே உலை வைக்கும்.

நான் இரசாயனம் கற்றவன் அல்லேன். கலைப்பிரிவில் பட்டம் பெற்றுப் பெங்களூரில் மைய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன். சில ஆண்டுகளுக்கு முன், அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்யும் பொருள்களைப் பற்றிய எச்சரிக்கை அறிவிப்பு ஒன்று தமிழாக்கத்திற்காக என்னிடம் வந்தது. காஸ்டிக் சோடாவுக்கு 'சோடாக் காரம்' என்று எழுதி, நல்ல தமிழ்ச் சொல் அகப்பட்டதென்று மகிழ்ந்திருந்தேன். அறிவிப்பை ஒட்ட வந்த பணியாளர் தருமபுரிப் பக்கத்தவர். அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "ஆப்பத்துக்குப் போடுகிற சோடாதானே சார் இது? இதற்கா இவ்வளவு பயமுறுத்தல்?" என்று கேட்டார். அறிவிப்பு ஒட்டப்படாமலே என் மேசைக்குத் திரும்பியது.

அகராதியைப் புரட்டினால் இந்தச் சிக்கல் தீராது என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. அகராதி சொல்லுக்குச் சொல்லைத் தரும். எனக்கு வேண்டியிருந்ததோ சொல்லிலிருந்து பொருளுக்குப் போகும் வழி. அந்த வழியை அமைப்பதற்காகவே இருநூறு ஆண்டுகளாகச் சிலர் உழைத்திருக்கின்றனர் என்பதையும், அந்த உழைப்பில் நான் வாழும் இந்நகருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் பின்னர்த் தேடித் தெரிந்துகொண்டேன். அந்த வரலாற்றைத்தான் இன்று நேயர்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

பெயர்க் குழப்பம் நமக்குப் புதிதன்று. நம் சித்த மருத்துவத்தில் வீரம் என்று ஒரு சரக்கு. பூரம் என்று மற்றொரு சரக்கு. இரண்டும் பாதரசமும் குளோரினும் சேர்ந்து உண்டானவை; இரண்டும் பார்வைக்கு வெண்மையானவை. ஆயினும் வீரம் நீரில் கரையும் கொடிய நஞ்சு. பூரமோ நீரில் அநேகமாகக் கரையாது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரை மேனாட்டு வைத்தியர் பேதிக்குக் கொடுத்த 'காலமெல்' அதுவே. துத்தம் என்றால் துத்தநாகத்தின் உப்பு. மயில்துத்தம் என்றால் செம்பின் உப்பு. ஓர் அடைமொழி விட்டுப்போனால் உலோகமே மாறிவிடுகிறது. குருவின் பக்கத்திலிருந்து சரக்கைக் கண்ணால் கண்டும் கையால் தொட்டும் கற்ற மாணவனுக்கு இதனால் இடையூறில்லை. ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவன் பாடுதான் திண்டாட்டம்.

மேனாட்டிலும் இதே திண்டாட்டம் இருந்தது. ஜெர்மனியில் 1830-ஆம் ஆண்டு மருந்தியல் செய்திகளைத் திரட்டித் தரும் ஒரு சஞ்சிகை தோன்றியது. பல இதழ்களில் வெளியான கட்டுரைகளின் சாரத்தைச் சுருக்கி வெளியிடுவதே அதன் பணி. பின்னாளில் 'கெமிஷெஸ் ஸென்ட்ரல்பிளாட்' என்ற பெயருடன் அது 1969 வரை நடந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பிறந்த பைல்ஸ்டைன் என்னும் பேராசிரியர் வேறொரு வேலையை மேற்கொண்டார். கரிமச் சேர்மங்கள் என்று அறியப்பட்டவை அனைத்தையும் ஒரே நூலில் வரிசைப்படுத்தத் துணிந்தார். 1881-இல் வெளிவரத் தொடங்கிய அந்நூலின் முதற்பதிப்பு இரண்டே தொகுதிகள். ஏறத்தாழ 15,000 சேர்மங்கள். சுமார் 2,200 பக்கங்கள். ஒரு தனி மனிதர் செய்த காரியம் அது. இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. பிற்பாடு அது நூற்றுக்கணக்கான தொகுதிகளாகப் பெருகியது.

சாரத்தைச் சுருக்குவதும் பட்டியல் போடுவதும் புலவர் வேலை என்று யாரேனும் எண்ணினால், 1937-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்ததைக் கேட்க வேண்டும். சல்ஃபானிலமைடு அப்பொழுது புதிய மருந்து. மாத்திரையை விழுங்கமாட்டாத குழந்தைகளுக்காக அதைத் திரவமாக்க ஒரு கம்பெனி விரும்பியது. அம்மருந்து டைஎதிலீன் கிளைக்கால் என்னும் இனிப்பான திரவத்தில் நன்றாகக் கரைந்தது; பழச்சுவை கூட்டிச் சந்தைக்கு அனுப்பினார்கள். அத்திரவம் சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களில் பலர் குழந்தைகள். இதில் நெஞ்சை உறுத்துவது யாதெனில், அப்பொருளின் நச்சுத்தன்மையைப் பற்றிய ஆராய்ச்சிக் குறிப்புகள் அதற்கு முன்னரே அச்சேறியிருந்தன. நூலக அலமாரியில் அவை இருந்தன. மருந்தைக் கலந்தவர் அங்கே போய்ப் பார்க்கவில்லை.

அம்மருந்தைச் சந்தையிலிருந்து பறிமுதல் செய்ய அரசாங்கத்துக்குக் கிடைத்த சட்டக் காரணமும் விசித்திரமானது. மக்களைக் கொன்றது என்பதன்று குற்றச்சாட்டு. 'எலிக்சர்' என்ற பெயர் சாராயத்தில் கரைத்த மருந்துக்கே உரியது. இதிலோ சாராயம் இல்லை. ஆகவே பெயர் பொய்! நஞ்சு தப்பிக்க இடமிருந்தது, பெயர்தான் சிக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு, 1938-இல், புதிய மருந்துச் சட்டம் வந்தது. அதே திரவம் 1986-இல் பம்பாயில் ஒரு மருத்துவமனையில் கிளிசரினோடு கலந்து வந்து 14 நோயாளிகளின் உயிரைக் குடித்தது. அங்கே குறை நூலறிவில் இல்லை, சோதனையில் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எந்தப் பட்டியலும் தானே எழுந்து வந்து பீப்பாயைச் சோதிக்காது.

இனிப் பெங்களூருக்கு வருவோம். ஜாம்ஷெட்ஜி டாடாவின் கனவாகிய இந்திய விஞ்ஞானக் கழகம் 1909-இல் நிறுவப்பட்டு, 1911-இல் மாணவர்களை ஏற்றது. தொடக்கத்திலேயே அங்கே இரசாயனத்துக்கு முதலிடம். முதல் இயக்குநரான மாரிஸ் டிராவர்ஸ், வில்லியம் ராம்சேயுடன் சேர்ந்து 1898-இல் கிரிப்டான், நியான், ஸீனான் என்னும் வாயுக்களைக் கண்டுபிடித்தவர். உலகுக்கு மூன்று புதிய பெயர்களைக் கொடுத்த ஒருவர் இங்கே வந்து செங்கல்லும் சுண்ணாம்பும் வாங்கிக் கட்டடம் எழுப்பினார். கழகத்தின் நூலகமும் 1911-இலேயே தொடங்கிற்று.

அந்நாளில் நூலகம் எதற்குப் பயன்பட்டது என்பதற்குச் சந்தனத்தைச் சான்றாகக் காட்டலாம். மைசூர்ச் சந்தனக் கட்டை எண்ணெய் வடிப்பதற்காக ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தது. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டதும் கப்பல் நின்றது, கட்டை குவிந்தது. கழகத்தின் பேராசிரியர்களாகிய சட்பரோவும் வாட்சனும் வடிக்கும் முறையை இங்கேயே ஆராய்ந்தனர். 1916-இல் பெங்களூரில் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை தொடங்கியது. எதிரி நாட்டார் கையிலிருந்த தொழிலை இங்கே நிலைநாட்ட வேண்டிய காலத்தில், அத்துறையின் செய்திகளும் பெரும்பாலும் அந்த எதிரி நாட்டார் மொழியிலேயே இருந்தன. சந்தன எண்ணெயின் முக்கியக் கூறுக்குச் 'சாண்டலால்' என்று பெயர். சந்தனம் என்ற நம் நாட்டுச் சொல் கிரேக்கமும் இலத்தீனும் சுற்றி, ஒரு வாலையும் ஒட்டிக்கொண்டு, இரசாயனப் பெயராக நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளனுக்கு இத்தகைய பயணங்களில் தனி மகிழ்ச்சி உண்டு. அதைப் பொறுத்தருள வேண்டும்.

பைல்ஸ்டைன் நூல் 1980-கள் வரை ஜெர்மன் மொழியிலேயே வந்தது. ஆகவே இரசாயன ஆராய்ச்சி செய்வோர் அம்மொழியை ஓரளவேனும் கற்க வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக ஆங்கிலத்தில் எழுந்தது 'கெமிகல் ஆப்ஸ்டிராக்ட்ஸ்'. அமெரிக்க இரசாயனக் கழகம் 1907-இல் அதைத் தொடங்கியது. உலகெங்கும் வெளியாகும் இரசாயனக் கட்டுரைகளின் சுருக்கங்கள் அதில் வரும். ஆசிரியர் பெயர், பொருளின் பெயர், அணு எண்ணிக்கை வாய்பாடு ஆகியவற்றுக்குத் தனித்தனி அட்டவணைகள் பிற்காலத்தில் ஏற்பட்டன. அச்சடித்த அந்தத் தொகுதிகள் ஒரு சுவரையே மறைக்கும். எழுத்து நுண்ணியது, தாள் மெல்லியது, ஒரு பொருளைத் தேடிப்போனால் அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு வேறு பெயரைக் காட்டும். ஒரு சேர்மத்துக்கு முறைப்படி பெயரிடும் விதிகளை 1892-இல் ஜெனீவாவில் கூடி வகுத்தார்கள் என்பது உண்மையே. விதிகள் திருத்தப்பட்டுக்கொண்டே வந்தன. பழைய பெயர்களும் போக மறுத்தன.

நம் நாட்டிலும் தேடல் நூல்கள் எழாமல் இல்லை. ஜார்ஜ் வாட் என்பார் 1889 முதல் 1893 வரை வெளியிட்ட இந்தியப் பொருளாதார விளைபொருள்களின் அகராதி நாட்டு மொழிப் பெயர்களையெல்லாம் திரட்டித் தந்தது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டிலேயே, 1948-இல், விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் குழு 'இந்தியாவின் செல்வம்' என்னும் பெருநூலின் முதல் தொகுதியை வெளியிட்டது. ஒரு மூலிகையையோ கனிப்பொருளையோ பற்றி வினவுவோர் முதலில் எடுப்பது இன்றும் அதைத்தான்.

1952-இல் யுனெஸ்கோவின் துணையுடன் தில்லியில் இந்திய தேசிய விஞ்ஞான ஆவண மையம் நிறுவப்பட்டது. கேட்ட கட்டுரையின் படம் எடுத்து அனுப்புவது, தெரியாத மொழியிலிருந்து பெயர்த்துத் தருவது ஆகியவை அதன் பணிகள். ரஷ்ய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் இருந்த கட்டுரைகளை ஆராய்ச்சியாளர் மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளர்கள். அவர்கள் பெயர் எந்த அட்டவணையிலும் இல்லை. 1963-இல் அந்த மையத்தின் வட்டாரக் கிளை பெங்களூரில் ஏற்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு, 1962-இல், இந்தியப் புள்ளியியல் கழகத்தின் ஆதரவில் இதே ஊரில் ஆவணமாக்க ஆராய்ச்சிப் பயிற்சி மையம் தொடங்கியிருந்தது. அதை நிறுவியவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன்.

கணித ஆசிரியராயிருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான ரங்கநாதன், 1957 முதல் பெங்களூரில் வாழ்ந்து 1972-இல் இங்கேயே மறைந்தார். அவருடைய கோலன் பகுப்பு முறை 1933-இல் வெளிவந்தது. அதன் உட்கருத்தை எளிதாகச் சொல்லலாம். ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்க முயலாதே. அது எப்பொருளைப் பற்றியது, அப்பொருளுக்கு என்ன செய்தது, எங்கே, எப்பொழுது என்று முகம் முகமாகப் பிரித்துக் குறியிடு என்பதே அது. இரசாயனத்துக்கு இது எவ்வளவு பொருத்தம்! ஒருவன் செம்பின் உப்பைத் தேடுவான். ஒருவன் அதைப் பூஞ்சைக்கொல்லியாகத் தேடுவான். மற்றொருவன் அதன் நச்சுத்தன்மையைத் தேடுவான். மூவரும் ஒரே கட்டுரைக்கு வந்து சேர வேண்டும். வாசகருடைய நேரத்தை வீணாக்காமையை நூலகத்தின் விதிகளுள் ஒன்றாகவே வைத்தவர் அவர். அந்த மையத்தில் பயின்று வெளிவந்தவர்கள் நாட்டின் ஆராய்ச்சி நிலையங்களில் நூலகர்களாகவும் ஆவண அலுவலர்களாகவும் அமர்ந்தார்கள்.

பெயர்ச் சிக்கலை வேறொரு விதமாக அறுத்த ஆண்டு 1965. கெமிகல் ஆப்ஸ்டிராக்ட்ஸ் அலுவலகத்தார் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவெண் கொடுக்கத் தொடங்கினர். பொருளின் அணுக்கள் எவை, எது எதனோடு பிணைந்திருக்கிறது என்பதைக் கணிப்பொறி ஓர் அட்டவணையாக எழுதிக்கொள்ளும். அதே ஆண்டு மார்கன் என்பார் வெளியிட்ட முறைப்படி, எந்த அணுவிலிருந்து எண்ணத் தொடங்கினாலும் முடிவில் ஒரே அட்டவணைதான் கிடைக்கும். ஆகவே எந்தப் பெயரில் வந்தாலும் பொருள் ஒன்றானால் எண்ணும் ஒன்றே. எண்ணுக்குத் தனிப் பொருள் எதுவுமில்லை. வந்த வரிசையில் கொடுப்பது. அதில் பொருளில்லாததே அதன் சிறப்பு. பொருள் உள்ள சொல்தானே திரிகிறது!

தண்ணீரின் பதிவெண் 7732-18-5. கடைசி இலக்கமாகிய 5 ஒரு காவற்காரன். மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3, 4, 5, 6 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 105 வரும். அதன் ஒன்றாம் இட இலக்கம் 5. எழுதுபவர் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் காவற்காரன் பெரும்பாலும் பிடித்துக்கொள்வான். நேயர்கள் தாளும் பென்சிலும் எடுத்து மயில்துத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாம். நீல நிறமுள்ள, நீர்க்கூறு சேர்ந்த மயில்துத்தம் 7758-99-8. அதையே வறுத்து நீர் போக்கிய வெள்ளைப் பொடி 7758-98-7. வீரம் 7487-94-7, பூரம் 10112-91-1. அடைமொழி விட்டுப்போகும் பயம் இங்கே இல்லை.

இந்தக் கணிப்பொறிச் செல்வம் நாடாக்களில் பதிவாகிக் கடல் கடந்து வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 1983-இல் இந்திய விஞ்ஞானக் கழக வளாகத்தில் விஞ்ஞானத் தகவலுக்கான தேசிய மையத்தை ஏற்படுத்தியது. பல்கலைக்கழக ஆசிரியர்கள் தங்கள் ஆராய்ச்சிப் பொருளை எழுதி அனுப்புவார்கள்; மையத்தின் கணிப்பொறி புதிதாக வந்த நாடாக்களில் அதற்குரியவற்றைத் தேடி எடுக்கும்; பட்டியல் அச்சாகித் தபாலில் போகும். முழுத் தொகுதியையும் வாங்க வகையற்ற சிறிய கல்லூரியில் இருந்த ஒருவருக்கு அந்த உறை எவ்வளவு பெரிய பரிசாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். இணையம் பரவிய பின் அந்தத் தபால் நின்றது. அச்சிட்ட கெமிகல் ஆப்ஸ்டிராக்ட்ஸும் 2010-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு நின்றுவிட்டது.

மையம் தோன்றிய மறு ஆண்டே, 1984 டிசம்பரில், போபால் பேரிடர் நேர்ந்தது. மெதைல் ஐசோசயனேட் என்னும் வாயு நள்ளிரவில் நகரில் பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. பதிவெண் 624-83-9 என்று ஏடுகளில் அப்பொருள் பதிவாகியிருந்தது. ஆயின் அது மனித உடலில் என்ன செய்யும், என்ன மருந்து கொடுக்கலாம் என்று மருத்துவமனையில் நின்ற வைத்தியர்களுக்குச் சொல்வார் இல்லை. பொருளுக்கு எண் இருந்தது. எண்ணுக்குப் பின்னால் இருக்கவேண்டிய செய்தி வெகு சொற்பம். 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 1989-இல் அபாய இரசாயனப் பொருள்களைப் பற்றிய விதிகளும் வந்தன. அப்பொருள்களுக்குப் பாதுகாப்புத் தகவல் தாள் வேண்டும் என்பது அவ்விதிகளில் அடங்கும். என் மேசைக்கு வரும் எச்சரிக்கை அறிவிப்புகள் பலவற்றுக்கு அந்தத் தாளே மூலம்.

தேடல் நூல் நாட்டின் உடைமையைக் காக்கவும் உதவிய கதை ஒன்று உண்டு. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கினார்கள். விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் குழு அதை எதிர்த்தது. 'எங்கள் பாட்டிக்குத் தெரியும்' என்றால் காப்புரிமை அலுவலகம் ஏற்குமா? எழுத்தில் காட்ட வேண்டும். பழைய நூல்களிலிருந்து சான்றுகளைத் திரட்டிக் காட்டியபின் 1997-இல் காப்புரிமை நீக்கப்பட்டது. அந்த அலைச்சல் மீண்டும் நேராதிருக்க, 2001-இல் மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டது. ஆயுர்வேத, யுனானி, சித்த நூல்களின் மருந்துமுறைகள் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் அதில் ஏறின. தமிழ்ச் சித்தர் பாட்டு ஒன்று ஜப்பானிய அதிகாரியின் மேசைக்குப் போய்ச் சேருவதை அகத்தியர் எதிர்பார்த்திருக்கமாட்டார். 2018-இல் சென்னைக் கணித விஞ்ஞானக் கழகத்தார் இந்திய மூலிகைகளில் உள்ள இரசாயனப் பொருள்களைத் திரட்டி 'இம்பாட்' என்ற தரவுத்தளத்தை இணையத்தில் வெளியிட்டனர். 2022-ஆம் ஆண்டுப் பதிப்பில் 4,010 மூலிகைகளும் 17,967 இரசாயனப் பொருள்களும் உள்ளன. யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

கட்டணம் என்றதும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனம் 2004-இல் 'பப்கெம்' என்ற இலவசக் களஞ்சியத்தைத் திறந்தபோது, அமெரிக்க இரசாயனக் கழகம் மறு ஆண்டே எதிர்த்தது. தான் பல்லாண்டு செலவிட்டுச் சேர்த்து விற்கும் சரக்கை அரசு இலவசமாக வழங்குவது நியாயமா என்பது அதன் வாதம். உழைப்புக்குக் கூலி வேண்டும் என்பதை நானும் மறுக்கமாட்டேன். எனினும் நஞ்சு எது என்று அறிவதற்குச் சந்தா கட்டவேண்டும் என்பது என் மனத்துக்கு ஒவ்வவில்லை. பப்கெம் நிலைத்தது. இரசாயனக் கழகத்தின் பதிவேட்டில் இப்போது 20 கோடிக்கு மேற்பட்ட பொருள்கள் உள்ளன; அவற்றுள் ஏறத்தாழ 5 இலட்சத்தின் எண்களை 2021 முதல் யாவரும் இலவசமாகக் காணும்படி அந்தக் கழகமே திறந்து வைத்திருக்கிறது.

அந்த இலவச ஏட்டில்தான் என் சோடாக்களைத் தேடினேன். ஆப்பச் சோடா 144-55-8. சலவைச் சோடா 497-19-8. காஸ்டிக் சோடா 1310-73-2. தேடு கட்டத்தில் ஆங்கிலப் பெயரைத்தான் இட வேண்டியிருந்தது. அறிவிப்பைத் திருத்தினேன். 'சோடாக் காரம்' போயிற்று; 'காஸ்டிக் சோடா, குழாய் அடைப்பு நீக்கி, சமையலுக்கு ஆகாது, தோலை அரிக்கும்' என்று மக்கள் வாயில் வழங்கும் சொற்களிலேயே எழுதி, ஓரத்தில் பதிவெண்ணைச் சேர்த்தேன். விபத்து நேர்ந்தால் வைத்தியரிடம் இந்த எண்ணைக் காட்டுக என்று ஒரு வரியும் இட்டேன்.

தருமபுரிக்காரர் மறுபடியும் வாசித்தார். இம்முறை பொருளைப் பற்றி அவருக்கு ஐயமில்லை. எண்ணைத்தான் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழு இலக்கந்தான் இருக்கிறது, சார். இந்த எண்ணுக்குப் போன் பண்ணினால் போகுமா?" என்றார். உட்காரச் சொல்லி, தண்ணீரின் எண்ணை ஒரு தாளில் எழுதி, வலமிருந்து இடமாகப் பெருக்கிக் காட்டத் தொடங்கினேன்.